சித்திக்கு ஆண் குழந்தை பிறந்த அன்று

எல்லாக் குழப்பத்துக்கும் 'அங்கிள்' என்ற ஒரு சொல்தான் காரணம்.

மூன்றாம் வகுப்பு முடித்த மகனுக்கு லீவு நாட்களில் ராத்திரி கதை வாசித்துக் காட்டுவது என்று ஆரம்பித்தேன். கையில் அகப்பட்டது சி.எஸ். லூயிஸின் 'பிரின்ஸ் காஸ்பியன்', 1951இல் வந்த நாவல். அப்பா அம்மா இல்லாத காஸ்பியன், நார்னியா என்ற கற்பனை நாட்டின் ராஜா மிராஸின் கோட்டையில் வளர்கிறான். ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் தமிழாக்க வேண்டும். 'அங்கிள் மிராஸ்' என்று வந்ததும் யோசிக்காமல் 'மாமா' என்று சொல்லித் தொலைத்தேன்.

பழைய நார்னியாவில் மிருகங்கள் பேசும் என்று பையனுக்குக் கதை சொன்ன ஆயாவை, மிராஸ் வேலையை விட்டுத் துரத்துகிறான். தூங்குவதாக நான் நினைத்திருந்த அம்மா பக்கத்துக் கட்டிலிலிருந்து, "தாய்மாமனா? இருக்காது. சரியாப் படிடா" என்றாள்.

எனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்த மாமா இன்னமும் தீபாவளிக்கு வேட்டி அனுப்புகிறார். அந்தக் கட்சியை அம்மா விட்டுக்கொடுக்க மாட்டாள்.

மறுநாள் இரவு ஆசிரியர் கொர்னீலியஸ், நட்சத்திரம் பார்க்கலாம் என்று காஸ்பியனைக் கோபுர உச்சிக்கு அழைத்துப் போய் நாட்டின் பழைய கதையைச் சொல்கிறார். இறந்துபோன அப்பா ஒன்பதாம் காஸ்பியன். அவருடன் பிறந்தவன் மிராஸ். மூத்தவர் ஆண்டிருக்கிறார் என்றால் இவன் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். "சாரிம்மா, மாமா இல்லை, சித்தப்பா" என்றேன்.

அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "பங்காளி! அதானே பார்த்தேன்."

என் அப்பா முப்பது வருடம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் ஆவண எழுத்தராக இருந்தவர். அதனால் எங்கள் வீட்டில் எந்தக் கதையும் கடைசியில் பத்திரத்தில் போய்த்தான் நிற்கும். மிராஸ் முதலில் தன்னை ராஜா என்று சொல்லிக்கொள்ளவில்லை, 'லார்ட் புரொடெக்டர்', அதாவது நாட்டின் காவலர் என்றுதான் வைத்துக்கொண்டான் என்று வாசித்தேன். "பவர் வாங்கி அப்புறம் தன் பேருக்கே மாத்திக்கிட்டான். மைனர் சொத்துடா அது, கோர்ட்டைக் கேக்காம கை வைக்கக் கூடாது" என்றாள். பழைய ராஜாவின் விசுவாசிகளான ஏழு பிரபுக்களைக் கிழக்குக் கடலுக்கு அனுப்பிவிட்டான் என்றதும், "சாட்சியைக் கலைச்சுட்டான்" என்று பெருமூச்சு விட்டாள். லூயிஸ்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

அதோடு விட்டாளா? "கரிகாலனை எரிக்கப் பார்த்தது யாரு? பங்காளிங்க. கூட நின்னது யாரு? தாய்மாமன் இரும்பிடர்த்தலையார்!" நெருப்பிலிருந்து தப்பிய சோழன் மகன் பிடர்த்தலையின் துணையால் செங்கோல் பெற்றது பழமொழி நானூற்றிலேயே இருக்கிறது. கழுமலத்தில் கட்டியிருந்த யானை கருவூர் வரை போய் அவனைக் கண்டுபிடித்ததும் அதில் உண்டு. மகன் இரண்டு கதைகளையும் ஒரே கதையாக்கி மனதில் போட்டுக்கொண்டான் போல. "நம்ம வீட்டுல சித்தப்பா இருக்காங்கள்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனான்.

வெள்ளிக்கிழமை இரவு வந்தது அந்த அத்தியாயம். தனக்குப் பிள்ளை இல்லாதவரை அண்ணன் மகன் பட்டத்துக்கு வருவதில் மிராஸுக்கு ஆட்சேபணை இல்லை. ராணிக்கு ஆண் குழந்தை பிறந்துவிடுகிறது. நள்ளிரவில் கொர்னீலியஸ் வந்து எழுப்பி, தங்கக் காசுப் பையும் மந்திரக் கொம்பும் கொடுத்து, உடனே குதிரையேறி ஓடு என்கிறார். அங்கே புத்தகத்தை மூடினேன்.

இட்டுக்கட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குக் கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பியிடமிருந்து போன். நான் சந்தோஷத்தில் வீடே கேட்கக் கத்தினேன்: "சித்திக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு!"

அம்மா சர்க்கரை டப்பாவோடு வந்தபோது பையனின் படுக்கை காலி. குளியலறையில் இல்லை, மொட்டைமாடியில் இல்லை. கடைசியில் வாசல் கேட் பக்கம் பள்ளிக்கூடப் பையோடு நின்றுகொண்டிருந்தான். உள்ளே டார்ச், இரண்டு பிஸ்கட் பாக்கெட், தங்கத்துக்குப் பதில் உண்டியல், கொம்புக்குப் பதில் பிறந்தநாளுக்கு வாங்கிய பீப்பீ. இன்னும் கிளம்பாததற்குக் காரணம், குதிரையின் பின்சக்கரத்தில் காற்று இல்லை.

அன்று பகலிலேயே மிச்சக் கதையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதாயிற்று. மிராஸைக் கடைசியில் அவனுடைய ஆளே முதுகில் குத்திக் கொல்கிறான் என்று தெரிந்ததில் பையனுக்குப் பாதி நிம்மதி. "அந்தக் குட்டிப் பாப்பா என்ன ஆச்சு?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதினைந்து நாள் கழித்து, பேர் வைக்கிற விழாவுக்குச் சொல்ல என் தம்பி வந்தான். நேரே போய் அப்பாவின் சாய்வு நாற்காலியில் சாய்ந்தான். எங்கள் வீட்டுக்கு எந்த ஆண் வந்தாலும் அதில்தான் சாய்வான். பையன் கதவோரத்தில் நின்று முறைத்தான். மைசூர்பாகுக்கும் மசியவில்லை. விஷயத்தை அம்மா சொன்னதும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "சரி, எழுதிக் கொடுத்துடுறேன்" என்றான்.

அம்மா வாசகம் சொல்ல, பையன் நோட்டில் எழுதினான். விடுதலைப் பத்திரம். சாய்வு நாற்காலி, கேரம் போர்டு, மாடி அறை ஜன்னலோரம் ஆகியவற்றில் எழுதிக்கொடுப்பவருக்கோ அவர் வாரிசுக்கோ எந்தப் பாத்தியதையும் இல்லை. தம்பி கையெழுத்துப் போட்டான். நானும் என் மனைவியும் சாட்சி. குழந்தையின் கைநாட்டுக்கு மட்டும் இடம் விட்டு, விழாவுக்கு இங்க் பேடு எடுத்துப்போவது என்று முடிவாயிற்று.

எல்லாம் முடிந்து பையன் நோட்டைப் பைக்குள் வைக்கும்போது அம்மாவுக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. "பாப்பா மைனருடா. மைனர் கைநாட்டு செல்லாது. பதினெட்டு ஆகணும்."

பையன் விரல் விட்டு எண்ணினான். கை இரண்டும் போதவில்லை. "அதுவரைக்கும் சைக்கிளுக்குக் காத்து அடிச்சே வைக்கணுமா, அப்பத்தா?"