கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு கராஜ் கதவு

மட்டக்களப்பில் வீடு கட்டுகிறவர்கள் கூரைக்கும் தளத்துக்கும் தருகிற யோசனையில் கால்வாசியைக்கூட கராஜ் கதவுக்குத் தருவதில்லை. வேலையெல்லாம் முடிந்து, கையிருப்பும் கரைந்த பிறகு, மிஞ்சிய தொகைக்கு எது கிடைக்கிறதோ அதைப் போட்டுவிடுகிறோம். ஆனால் வீட்டுச் சுவரில் விடப்படும் திறப்புகளில் மிகப் பெரியது அதுதான். வெயில், உப்புக் காற்று, மாரி மழை மூன்றும் நேராக வந்து மோதுகிற இடமும் அதுதான். கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜுக்கு அண்மையில் புதிய கதவு போட்டோம். அதற்காக விசாரித்து அறிந்தவற்றையும், பொருத்துகிறபோது பக்கத்தில் நின்று பார்த்தவற்றையும், இதே நிலத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் கராஜ் மேற்குப் பார்த்தது. கச்சான் வீசுகிற மாதங்களில், பிற்பகல் தொடங்கிப் பொழுது சாயும்வரை வெயில் முழுவதும் அந்தக் கதவிலேதான் விழும். கராஜின் பக்கச்சுவர்தான் அம்மாவின் படுக்கையறைச் சுவரும். பகலெல்லாம் கராஜுக்குள் அடைபட்ட சூட்டைக் குடித்துக்கொள்ளும் அந்தச் சீமெந்துக்கல் சுவர், அம்மா படுக்கப் போகிற நேரத்தில் அதை அறைக்குள் விடத் தொடங்கும். இரவு பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்புத் தெரியும். ஆகவே இது வாகனத்தைப் பூட்டி வைப்பதற்கான ஏற்பாடு மட்டுமல்ல என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

எங்களிடம் இருந்தது பழைய இரட்டை இரும்புக் கதவு. அதன் கீழ்விளிம்பு கறள் பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. முதிரைப் பலகையில் செய்யலாம் என்று பெரியப்பா சொன்னார். மரம் சூட்டைக் கடத்துவது மிகக் குறைவு என்பதும், முதிரை நன்கு உழைக்கும் என்பதும் உண்மைதான். ஆயினும் மாரியில் ஈரத்தை வாங்கி உப்பி, கச்சானில் காய்ந்து சுருங்குகிற அகலமான பலகைக் கதவு சில வருடங்களில் சட்டத்தோடு ஒட்டாமல் போய்விடும், பாரமும் பிணைச்சலைத் தாழ இழுக்கும். அகன்ற பலகங்களாக மேலேறிக் கூரையின் கீழ்ப் படுக்கிற கதவுக்கு, அதன் உயரத்தின் அளவுக்கு உட்புறம் நீளத் தண்டவாளம் வேண்டும். எங்கள் தாழ்வான சாய்கூரையின் கீழ் அதற்கு இடமில்லை. மிஞ்சியது மேலே சுருளும் ரோலர் டோர். அதில் முலாம் பூசிய உருக்குத் தகடா, அலுமினியப் பட்டைகளா என்பதே கேள்வி.

கடைகளில் முதலில் காட்டப்படுவது, உள்ளே நுரை நிரப்பிய அலுமினியப் பட்டை. ‘சூடு உள்ளே வரவே வராது’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பொலியூரத்தேன் நுரை மிக நல்ல வெப்பத்தடை என்பதில் ஐயமில்லை. அதன் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.025 அலகு என்றால், அலுமினியத்தினுடையது 200 அளவில் இருக்கிறது. ஆனால் சுருள வேண்டிய பட்டை மெல்லியதாகவே இருக்க முடியும். அதற்குள் அடங்கும் நுரை ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். அதைவிட முக்கியம், பட்டையின் வெளி முகமும் உள் முகமும் விளிம்பில் ஒரே உலோகமாகவே இணைகின்றன. நுரை தடுத்த சூடு அந்த விளிம்பு வழியாகவும், பட்டைக்குப் பட்டை உள்ள இடுக்கு வழியாகவும் உள்ளே வந்துவிடும். நுரையால் பயன் உண்டு, சத்தமும் குறையும், பட்டையும் எளிதில் நெளியாது. நாங்களும் அதையே வாங்கினோம். ஆயினும் அதை மட்டும் நம்பி மற்றவற்றை விட்டுவிடுவது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

மற்றவற்றில் முதலாவது நிறம். வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெயிலில் 70 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். கறுப்புப் பூச்சு பத்து சதவீதத்தைக்கூட அனுப்பாது. இப்போது எல்லோரும் விரும்புகிற கரும்பழுப்பும் கருஞ்சாம்பலும் மேற்குப் பார்த்த கதவில் பிற்பகல் மூன்று மணிக்குக் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். கொதித்த கதவு உள்பக்கத்துக்கும் அனல் வீசும். பூச்சே இல்லாத பளபளப்பான உலோகம் வெயிலை ஓரளவு திருப்பினாலும், வாங்கிய சூட்டை வெளியேற்றுவதில் மந்தமானது. ஆகவே அதுவும் சுடும். நாங்கள் தேர்ந்தது பாலேட்டு வெள்ளை. செம்மண் புழுதி படிந்தால் தெரியும் என்று தங்கை கவலைப்பட்டாள். புழுதியைக் கழுவிவிடலாம், நிறத்தை மாற்ற முடியாது.

இரண்டாவது, உள்ளே சேர்ந்த சூடு வெளியேறும் வழி. கதவின் மேற்பகுதியில் சிறு துளையிட்ட பட்டைகளைக் கேட்டுப் போட்டோம். கராஜின் கிழக்குச் சுவரில், நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்துக்குள், சாய்ந்த தட்டுகள் வைத்த காற்றுத் திறப்புகளை மேசன் அமைத்துத் தந்தார். வாடையில் கிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும் மழை உள்ளே வராதிருக்கவே அந்தச் சாய்வு. எலியும் பாம்பும் நுழையாதபடி உள்ளே கம்பிவலை இருக்கிறது. கச்சான் தணிகிற பிற்பகலில் கடற்காற்று கிழக்கால் கீழே நுழைந்து, சூடேறி இலேசான காற்றைக் கதவின் மேல்துளைகள் வழியே தள்ளிவிடுகிறது. கீழ்த் திறப்புக்கு இன்னொரு தேவையும் உண்டு. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது மேலே எழாமல் தரையோடு தங்கும். மோட்டார் சைக்கிளும் பெற்றோல் கலனும் வைக்கிற அறையில், மேலே மட்டும் துளை வைத்து அந்த ஆவியை வெளியேற்ற முடியாது.

இனி உப்பு. எங்கள் பகுதியில் கதவைக் கொல்வது வெயில் அல்ல, உப்புத்தான். உருக்குத் தகட்டில் இப்போது வருகிற நல்ல முலாம் 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் நாகம் (துத்தநாகம்), 1.6 சதவீதம் சிலிக்கன் சேர்ந்தது. நாகம் தான் முதலில் அரிபட்டு உருக்கைக் காப்பாற்றும். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் செங்கலடி, வவுணதீவுப் பக்கத்து வீடுகளுக்கு அது தாராளமாகப் போதும், பணமும் மிஞ்சும். அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் உள்ளவர்கள் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியத்துக்கே போவது நல்லது. அலுமினியமும் உப்பில் புள்ளி புள்ளியாக அரிபடும். ஆனால் உருக்கைப் போல் உள்ளூர உதிர்ந்து போகாது.

கதவு போட வந்தவர்களில் மூத்தவர், தகட்டின் தடிப்பைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த என்னிடம், “கடற்கரை வீட்டுக்கு முதல்ல ஆணியைப் பாருங்க தம்பி, தகட்டைப் பிறகு பார்க்கலாம்” என்றார். அவர் கையில் இரண்டு ஸ்குரூ ஆணிகள் இருந்தன. ஒன்று சாதாரண முலாம் பூசியது. வேறொரு வீட்டில் கழற்றியது, தலை முழுவதும் செம்பொடியாக உதிர்ந்தது. மற்றது 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்த வகையில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால், கடையில் பொதுவாகத் தருகிற 304 வகையைவிட உப்பை நன்றாகத் தாங்கும். அதை அலுமினியத்தோடு நேரடியாகத் தொட விடாமல் ஒவ்வொன்றின் கீழும் நைலோன் வளையம் வைத்தார். இரண்டு உலோகங்கள் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். கதவுக்கு ஆகும் செலவில் ஆணிகளின் விலை மிகச் சிறிய பங்கு. விலை பேசும்போதே ஆணி வகையையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கேளுங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியில் கூரை போன கதை மட்டக்களப்பில் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. பெரிய கதவு ஒன்று பிய்ந்து காற்று உள்ளே புகுந்தால், அது உள்ளிருந்து கூரையை மேலே தள்ளும். வெளியே கூரைக்கு மேலால் பாயும் காற்றோ அதை இழுக்கும். இரண்டும் சேரும்போதுதான் கூரை கிளம்புகிறது. ஆகவே பக்கத் தண்டவாளம் ஆழமானதாக இருக்க வேண்டும், பட்டைகளின் நுனி அதிலிருந்து கழன்று வராதபடி கொளுவிகள் இருக்க வேண்டும், அங்கர் போல்ட்டுகள் கொங்கிரீட் தூணில் இறங்க வேண்டும். சீமெந்துக்கல் சுவரில் மட்டும் இறக்கிய போல்ட் பலத்த காற்றில் கல்லோடு பெயர்ந்து வரும். எங்கள் திறப்பின் ஒரு பக்கத்தில் தூண் இல்லாதிருந்ததால், கதவு வருமுன்பே அங்கே கம்பி கட்டி ஒரு தூண் வார்த்தோம்.

சுவரின் சீமெந்துப் பூச்சு வேலை முழுவதும் முடிந்து காய்ந்த பிறகே தண்டவாளத்தைப் பொருத்த வேண்டும். ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியத்தை அரித்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெண்கறையை விட்டுவிடும். துளைக்கும்போது சிதறுகிற இரும்புத் துகள்களையும் அன்றன்றே தூரிகையால் தட்டித் துடைக்க வேண்டும். மணலைவிடச் சிறிய அந்தத் துகள்கள் பாலேட்டு நிறத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு இரவுப் பனியில் கறள் பிடித்து, ஒவ்வொன்றும் ஒரு செம்புள்ளியாகிவிடும். கதவே கறள் பிடித்ததென்று வீட்டுக்காரர் சண்டைக்குப் போவதும் இதனால்தான். பட்டையின் நீளமும் கவனிக்க வேண்டியது. மூன்று மீற்றர் அலுமினியப் பட்டையின் சூடு 35 பாகை செல்சியஸால் கூடினால் அது ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர் நீளும். உருக்கு அதில் பாதியளவே நீளும். காலைக் குளிர்ச்சியில் இறுக்கமாக அளந்து பொருத்திய கதவு பிற்பகலில் தண்டவாளத்துக்குள் சிக்கும். எங்கள் வேலையில் இரு பக்கமும் அதற்கு இடைவெளி விட்டார்கள். மாலை வெயிலில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே கூலி வாங்கினார்கள்.

மோட்டர் வேண்டுமா என்பது அவரவர் வசதி. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றதை நினைவில் வைத்து, மின்சாரம் இல்லாமலும் கையால் திறக்கும் வழி உள்ளதை மட்டுமே வாங்க வேண்டும் என்பேன். எங்கள் கதவில், மோட்டரிலிருந்து கதவை விடுவிக்கும் கயிறு மோட்டரோடு உச்சியில் தொங்கியது. அம்மாவுக்கு எட்டும் உயரத்துக்கு அதை நீட்டி, அம்மாவையே இழுத்துத் திறந்து பார்க்கச் சொன்னோம். கதவின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கைச் சரியாக முறுக்கியிருந்தால் கதவு கையில் பாரமாகத் தெரியாது; பாதி உயரத்தில் விட்டால் அங்கேயே நிற்கும். குறுக்கே குழந்தையோ ஆட்டுக்குட்டியோ வந்தால் கதவை நிறுத்தித் திருப்பும் ஒளிக்கதிர் உணரியையும், தரையிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு மேற்படாத உயரத்தில் பூட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1993 முதல் வீட்டு மோட்டர்களுக்கு இத்தகைய பாதுகாப்பு சட்டப்படி கட்டாயம். இங்கே நாமாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பராமரிப்பில் பலரும் அறியாத விடயம் ஒன்று உண்டு. மழை படுகிற பகுதியைவிட, கூரை விளிம்பின் கீழ் மழை படாத பகுதிதான் முதலில் கெடும். அங்கே படிகிற உப்பைக் கழுவ எதுவும் வருவதில்லை. எங்கள் கிணறு கோடையில் உவர்க்கும் என்பதால் குழாய்த் தண்ணீரால் மட்டுமே கதவைக் கழுவுகிறோம், மேல்பட்டைகளையும் அடிச்சட்டத்தின் உள்மடிப்பையும் விடாமல். தண்டவாளத்துக்குக் கிறீஸ் பூச வேண்டாம். கல்லடி மணல் அதில் ஒட்டிக்கொண்டு அரத்தைப் போல் பட்டையைத் தின்னும். சிலிக்கன் ஸ்பிரே போதும். ஸ்பிரிங் தளர்ந்து கதவு பாரமாகத் தெரியத் தொடங்கினால் மோட்டரை நிறுத்திவிட்டு, பொருத்தியவர்களையே அழையுங்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் கை எலும்பை முறிக்கும் விசை கொண்டது. வீட்டில் ஸ்பானர் இருக்கிறது என்பதற்காக அதில் யாரும் கை வைக்கக் கூடாது.