தொழுநோய்க் கிருமி தொலைத்தவை

தரமணியில் ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதியையும் அதன் நெருங்கிய உறவான தொழுநோய்க் கிருமியின் தொகுதியையும் கணினியில் ஒப்பிட்டு எழுதும் பயிற்சிப் பணி எனக்குத் தரப்பட்டது. இரண்டாவதில் மரபணு மரபணுவாகச் சிதைந்து கிடந்தது. தொடங்கியவை நடுவிலேயே நின்றன. வாசித்தெடுத்ததில்தான் பிழை என்று முடிவுகட்டி, 'தரவு நம்பத்தக்கதல்ல' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூத்த ஆய்வாளரான மேடம் கடிந்துகொள்ளவில்லை. "ஒண்ணொண்ணா எதிர்ல வச்சுப் பாரும்மா. உடைஞ்சிருக்கிறது தரவா, கிருமியான்னு தெரியும்" என்றார்.

முதலில் பார்த்தது 'கேட்ஜி' மரபணு. ஐசோனியசிட் என்னும் மருந்து காசநோய்க் கிருமியைக் கொல்ல வேண்டுமானால், அந்த மரபணு தரும் நொதி முதலில் மருந்தைச் செயலூக்க வேண்டும். தொழுநோய்க் கிருமியில் அது உடைந்து கிடக்கிறது. அந்த மருந்து தொழுநோய்க்கு உதவாததும் அதனால்தான். மருத்துவர்கள் நோயாளியிடம் காண்பதும் என் திரையில் இருந்த டி.என்.ஏ. எழுத்துகளும் ஒன்றையே சொன்னபோது, பிழை என்னுடையது என்று புரிந்தது.

காசநோய்க் கிருமியின் தொகுதி சுமார் 44 லட்சம் எழுத்துகள் கொண்டது. மரபணுக்கள் ஏறக்குறைய 4,000. 2001இல் வெளியான தொழுநோய்க் கிருமியின் தொகுதியிலோ சுமார் 32.7 லட்சம் எழுத்துகள், இயங்கும் மரபணுக்கள் 1,600 அளவில், செயலிழந்தவை 1,100க்கும் மேல். மனித உயிரணுவுக்குள்ளேயே குடியிருந்து தேவையானதை அங்கேயே பெறும் கிருமிக்குப் பல மரபணுக்கள் வேண்டாதவையாகின்றன. வேண்டாத மரபணுவில் விழும் பழுதை இயற்கைத் தேர்வு களைவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அண்டை வீட்டாரிடம் கடன் வாங்குவதுபோல மரபணுக்களைப் பெற்றுக்கொள்ளும்; உயிரணுவுக்குள் தனித்திருக்கும் இதற்கு அந்த வாய்ப்பும் அரிது. ஆகவே தொலைத்தது திரும்புவதில்லை. இரண்டாகப் பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் இந்தக் கிருமியை இன்றும் ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியாமல், எலியின் பாதத்திலும் அர்மடில்லோ என்னும் ஓடுடைய விலங்கின் உடலிலும் வளர்க்கிறார்கள்.

என்னை உலுக்கியது வேறொரு செய்தி. அந்த முதல் தொகுதி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரின் தோலிலிருந்து எடுத்த கிருமியினுடையது. அதன் பெயரே 'டி.என்.' பெயர் தெரியாத அந்த மனிதரின் உடலிலிருந்து வந்த எழுத்துகளையா நான் நம்பத்தக்கதல்ல என்று ஒதுக்கினேன் என எண்ணியபோது உண்மையிலேயே வருந்தினேன்.

பிறகு, பிரேசில், தாய்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கிருமிகளையும் அதன் அருகில் வைத்துப் பார்த்தேன். நான்கும் 99.995 விழுக்காடு ஒன்றே. உடைந்த மரபணுக்களும் ஏறக்குறைய எல்லாம் அதே இடங்களில் உடைந்திருந்தன. அப்படியானால் இந்தக் கிருமி உலகெங்கும் பரவுவதற்கு முன்பே அந்த இழப்பு நிகழ்ந்து முடிந்துவிட்டது. அறிக்கையில் நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, இதை எழுதி மேடத்தின் மேசையில் வைத்தேன்.