நிதி வருவதற்கு முன்னும் வந்த பின்னும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பித்துக்கொண்டே, ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்ற கூடுதல் பொறுப்பையும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஆய்வுக்கு நிதியே இல்லை என்று சக ஆசிரியர்கள் சொல்லும்போது அதை முழுமையாக ஒப்புக்கொள்ள என்னால் முடிவதில்லை. தேவைக்குக் குறைவாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது. அந்த நிதிக்கும் எங்களைப் போன்ற கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும் நடுவே யாராவது செய்து தரவேண்டிய வேலைகள் நிறைய உள்ளன: அறிவிக்கையை முழுவதும் படித்துத் தகுதியுள்ளவரிடம் சொல்வது, செலவுத் திட்டம் போட உதவுவது, வகுப்பு நேரத்தை மாற்றிக் கொடுப்பது, ஆண்டு முடிவில் கணக்கை நேர்செய்வது. இவற்றுக்கு ஆள் இருந்த துறைகளுக்கு நிதி வந்தது. ஆள் இல்லாத துறைகளில் நல்ல ஆய்வாளர்கள் ஒருமுறைகூட விண்ணப்பிக்காமலே பணி ஓய்வு பெற்றதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மாவட்டம் பரப்பில் சிறியது. கல்லூரிகளோ நெருக்கமாக அமைந்தவை. நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893 முதலும், தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952 முதலும் இயங்கி வருகின்றன. மார்த்தாண்டம், நெய்யூர், அகஸ்தீஸ்வரம், திருவிதாங்கோடு என்று எந்தத் திசையில் போனாலும் ஒரு கலை அறிவியல் கல்லூரி உண்டு. 1990-இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் இருந்தாலும், அதன் கடல் அறிவியல் மையம் எங்கள் கடற்கரையில், ராஜாக்கமங்கலத்தில் உள்ளது. ஆய்வு செய்யும் ஆர்வத்துக்கும் ஆய்வுக்குரிய பொருள்களுக்கும் இங்கே குறைவில்லை. குறைவது நேரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்கு 16 மணி நேரமும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரமும் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். அக மதிப்பீடு, தேர்வுத்தாள் திருத்தம், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான ஆவணங்கள், நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவை அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை. ஆகவே ஓர் ஆசிரியர் திட்ட முன்மொழிவை எழுத உட்கார்வது பெரும்பாலும் இரவு உணவுக்குப் பிறகுதான்.

நான் பொறுப்பேற்றபோது, தில்லியிலிருந்து வரும் அறிவிக்கைகள் முதல்வரின் மின்னஞ்சலுக்கு வந்து, அங்கிருந்து துறைத்தலைவருக்குப் போய், கடைசி நாள் நெருங்கிய பிறகே ஆசிரியரின் கைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. அதனால் நான் முதலில் செய்தது மிக எளிய வேலை. எந்த அமைப்பு ஆண்டின் எந்தப் பகுதியில் வழக்கமாக விண்ணப்பம் கேட்கிறது, யாருக்குத் தகுதி உண்டு, வயது வரம்பு என்ன, எவ்வளவு தொகை என்பதை ஓர் அட்டவணையாக எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டி, மாதந்தோறும் திருத்திவந்தேன். வரலாற்றுத் துறை ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்த பிறகுதான் 1972 முதல் இயங்கிவரும் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்துக்குக் கல்லூரி ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்துகொண்டார். பல்கலைக்கழகத் துறைகளுக்கு மட்டுமே அது உரியது என்று அவர் அதுவரை நினைத்திருந்தார். அப்படி நினைத்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

சிறு தொகைகளின் அருமையைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மானியக் குழுவின் சிறு ஆய்வுத் திட்டம்தான் என் தலைமுறை ஆசிரியர்களில் பலருக்கு முதல் நிதி. ஐதராபாத்தின் தென்கிழக்கு மண்டல அலுவலகம் வழியாக அது வந்தது. சில வேதிப்பொருள்கள், சில நூல்கள், களப்பயணம், ஒரு கணினி என்ற அளவில் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு முன்மொழிவை எழுதவும், அதை நிபுணர் முன் விளக்கவும், பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பவும், இறுதி அறிக்கை தரவும் அந்தச் சிறு திட்டமே கற்றுக்கொடுத்தது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தபின் அந்த வழக்கமான அழைப்பு நின்றுபோனது, மாவட்டக் கல்லூரிகளுக்குப் பேரிழப்பு என்பது என் உறுதியான கருத்து. 2022-இல் மானியக் குழு பணியிலுள்ள ஆசிரியர்களுக்காக 10 லட்சம் ரூபாய் நல்கையை அறிவித்தது. தொகை நல்ல தொகைதான், ஆனால் நாடு முழுவதற்கும் 200 இடங்கள். முதன்முறை எழுதுபவர் அந்தப் போட்டியில் நுழையவே தயங்குவார். இப்போது எங்கள் இளம் ஆசிரியர்களுக்கு அந்த முதற்படியாக இருப்பவை, மாநில உயர்கல்வி மன்றத்தின் சிறு திட்டங்களும், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுக்குத் தரும் உதவியும், கல்லூரி நிர்வாகம் தன் சொந்த நிதியிலிருந்து ஒதுக்கும் விதைப்பணமும் ஆகும். விதைப்பணம் கொடுத்தால் நாக் மதிப்பீட்டில் பயன் உண்டு என்ற காரணத்துக்காகவே நிர்வாகம் அதைத் தொடங்கியது என்றாலும், வந்த பலன் மதிப்பெண்ணைவிடப் பெரியது.

முன்மொழிவு எழுதுவதில் உதவி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். எங்கள் பொருளியல் துறையில் கடலோரக் கிராமத்திலிருந்து வந்த ஆசிரியை ஒருவர், மீனவக் குடும்பங்களின் கடன் பற்றி இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு திட்டம் எழுதிக்கொண்டு வந்தார். பிழையற்ற ஆங்கிலம், நிறைய மேற்கோள்கள். ஆனால் அதிலிருந்த ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டால் ஒடிசாவுக்கோ குஜராத்துக்கோ அப்படியே பொருந்திவிடும். “மேடம், மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் ஊரில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வார்கள்?” என்று கேட்டேன். அவர் பேசத் தொடங்கினார். இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலங்கள் உண்டு: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக்கான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக்கான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. அவர்களைப் பேட்டி காண வேண்டுமானால் தடைக்காலத்திலோ கிறிஸ்துமஸ் ஒட்டிய நாள்களிலோதான் முடியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் ஆண்களை இழந்த வீடுகளில் கடன் யார் பெயரில் நிற்கிறது என்பது தனிக் கேள்வி. இவை எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. விண்ணப்பத்தில் எழுதத் தக்கவை என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. களப்பணி அட்டவணையை அந்த இரண்டு தடைக்காலங்களை ஒட்டி மாற்றி அமைத்தோம். இரு கரைகளின் குடும்பங்களையும் ஒப்பிடுவதே ஆய்வின் மையம் ஆயிற்று. அந்தத் திட்டத்துக்கு நிதி கிடைத்தது.

உள்ளூரை அறிந்திருப்பதே நம் வலிமை என்ற இதே காரணத்தால்தான், இயற்பியல் துறையிலிருந்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலின் இயற்கைக் கதிர்வீச்சை அளக்கும் திட்டங்கள் எழுதப்படும்போது நான் மிகுந்த நம்பிக்கை கொள்கிறேன். மோனசைட் என்ற கனிமமும் அதிலுள்ள, கதிர்வீச்சு தரும் தோரியமும் எங்கள் வீட்டு வாசலில் கிடப்பவை. வேறு எந்த ஊர்க்காரரும் பருவம்தோறும் வந்து மாதிரி எடுக்க இயலாத இடத்தில், எங்கள் ஆசிரியர் காலையில் மாதிரி எடுத்துவிட்டு முற்பகல் வகுப்புக்கு வந்துவிட முடியும். எங்கள் மாவட்டத்தின் மட்டி வாழைக்கும் மார்த்தாண்டம் தேனுக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தாவரவியல், உயிர்வேதியியல் துறையினருக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை.

செலவுத் திட்டம் என்ற பகுதியைப் பலர் கடைசி இரவில் நிரப்புகிறார்கள். இளநிலை ஆய்வாளருக்கான மாத உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய். பழைய முன்மொழிவைப் பார்த்து 31,000 என்று எழுதிவிட்டால், திட்டம் கிடைத்த பிறகு ஆளை நியமிக்கும்போது பற்றாக்குறை வந்து நிற்கும். கருவி வாங்குவதற்குப் பதிலாக, வெளி ஆய்வகத்தில் மாதிரியை அளந்து வாங்குவதற்கான கட்டணத்தைக் கேட்பது பல நேரங்களில் அறிவார்ந்தது. என் மாணவர்களின் மாதிரிகள் கொச்சியில் உள்ள நுண்கருவி மையத்துக்கும் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள மையத்துக்கும் போய் வந்தவை. ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடினால் எந்தக் கருவி எந்த நிறுவனத்தில் வெளியாருக்குத் திறந்திருக்கிறது என்று தெரியும். எங்கள் கல்லூரி மின்வசதியில் வைத்துப் பராமரிக்க முடியாத கருவியைக் கேட்டு எழுதும் விண்ணப்பத்தை, அனுபவமுள்ள நிபுணர் ஒருவர் முதல் வாசிப்பிலேயே ஒதுக்கிவிடுவார்.

நிதி வந்த பிறகு தொடங்கும் வேலையைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. பொது நிதி விதிகள் 2017-இன் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தரவேண்டும். மார்ச் 31-உடன் நிதியாண்டு முடியும். முன்பணத்துக்குச் சேர்ந்த வட்டியை மத்திய அரசின் தொகுப்பு நிதிக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். வாங்கிய ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறவேண்டும். வாங்குதலும் அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தைப் பார்த்துச் செய்யவேண்டும். எந்த ஆசிரியரும் இதற்குப் பயிற்சி பெற்றவர் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் சம்பளப் பட்டியலையும் மாணவர் கட்டணத்தையும் பார்க்கும் எழுத்தருக்கும் இது கூடுதல் சுமைதான், “சார், இந்தத் தொகையை எந்தத் தலைப்பில் எழுதட்டும்?” என்று அவர் கேட்கும்போது பதில் சொல்ல ஒருவர் இருக்கவேண்டும். வேறொரு கல்லூரியில் பணியாற்றிய என் நண்பர், முதல் ஆண்டுக் கணக்கு உரிய வடிவில் போகாததால் இரண்டாம் தவணைக்காக நெடுங்காலம் காத்திருந்தார். அதற்குள் அவரிடம் பணியாற்றிய ஆய்வாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆய்வில் எந்தக் குறையும் இல்லை.

ஒவ்வொரு திட்டத்துடனும் நிறுவனத்துக்கென்று ஓவர்ஹெட் என்ற பெயரில் ஒரு தொகை வருகிறது. அதை நிர்வாகம் பொதுச் செலவில் கரைத்துவிடாமல், திட்டக் கணக்குகளுக்கு மட்டும் ஒரு பகுதிநேரக் கணக்கரை அமர்த்த வேண்டும் என்று வலியுறுத்திக்கொண்டே இருந்தேன். வணிகவியல் பட்டம் பெற்ற, எங்கள் பழைய மாணவி ஒருவர் அந்தப் பணிக்கு வந்தார். மூன்று துறைகளின் பதிவேடுகளை அவர் ஒழுங்குபடுத்திய பிறகு, அதுவரை எவ்வளவு சொல்லியும் அசையாத மூத்த ஆசிரியர்கள் தாமாகவே முன்மொழிவுகளோடு வந்தார்கள். அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தது ஆர்வக்குறைவு என்று நினைத்திருந்தோம். உண்மையில் அது தணிக்கை பற்றிய அச்சம்.

திருவனந்தபுரம் எங்களுக்கு அருகில் இருப்பது ஒரு பெரும் வசதி. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ளது, விதுரையில் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. செர்ப் என்று நாங்கள் அழைத்துவந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், டேர் என்ற திட்டத்தை இப்படிப்பட்ட கல்லூரி ஆசிரியர்களுக்காகவே கொண்டுவந்தது. பணியில் இருந்தபடியே மூன்று ஆண்டுகள் பெரிய ஆய்வகம் ஒன்றில் சேர்ந்து உழைக்கலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் இரு நிறுவனங்களுக்கும் சரிபாதியாகப் பகிரப்படும். ஆசிரியருக்குத் தனியே ஆண்டுக்கு 60,000 ரூபாய். ஆண்டில் குறைந்தது 90 நாள்கள் அந்த ஆய்வகத்தில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் ஆசிரியர்களுக்கு அந்த 90 நாள்களே மலையாகத் தெரிந்தன. கோடை விடுமுறையும் பருவ இடைவெளியும் போக மீதியை எங்கே தேடுவது? துறைத்தலைவர் மனம் வைத்தால் வழி உண்டு. ஒருவருடைய வகுப்புகளை வாரத்தின் நான்கு நாள்களுக்குள் அடக்கி ஐந்தாம் நாளை முழுமையாக விடுவித்தால், அதிகாலை ரயிலில் போய் இரவில் திரும்பிவிடலாம். இதற்குத் தேவைப்படுவது கால அட்டவணையைத் தயாரிப்பவரின் ஒத்துழைப்பு. ஒரு ரூபாய் செலவும் இல்லை. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் உருவாகி வாரியம் அதனுள் இணைந்துவிட்டது. திட்டங்களின் பெயர்களும் விதிகளும் மாறி வருவதால், அட்டவணையைத் திருத்தும் என் வேலை கூடியிருக்கிறது.

எனக்குத் தீர்வு கிடைக்காத ஒரு சிக்கல் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களுடையது. எங்கள் வளாகத்திலேயே பிற்பகலில் கற்பிக்கும் அவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களும், நல்ல இதழ்களில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பல திட்டங்கள் நிரந்தரப் பணியில் உள்ளவரையே முதன்மை ஆய்வாளராக ஏற்கின்றன. தனிச் சுயநிதிக் கல்லூரிகளில் பணியாற்றுபவர்களில் பலருக்கு, மத்திய நிதி பெறுவதற்கான 12-பி தகுதியைக் கல்லூரி பெறாததால் மானியக் குழுவின் வாசலும் மூடியிருக்கிறது. நிரந்தர ஆசிரியர் ஒருவரோடு இணை ஆய்வாளராகச் சேர்த்து எழுதுவதைத்தான் இப்போதைக்குச் செய்து வருகிறோம். விதி இடம் தரும் திட்டங்களில் மட்டும். உழைப்பில் பெரும்பகுதி அவர்களுடையதாக இருக்க, பெயர் இரண்டாவதாக வருவது எனக்கு உறுத்தலாகவே உள்ளது. கல்லூரியின் விதைப்பணத்தில் சுயநிதிப் பிரிவினருக்கென்று ஒரு பங்கை ஒதுக்கும்படியும், அதற்கு அவர்களே முதன்மை ஆய்வாளராக இருக்க இசையும்படியும் நிர்வாகக் குழுவுக்கு எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அது பேசப்பட இருக்கிறது. அதற்காக அவர்களிடமிருந்து நான்கு முன்மொழிவுகளை இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன்.