புளித்துவிட்டது, புளிக்கவிட்டேன்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் எனக்குப் பல்பர் (பழத்தின் தோல் நீக்கும் இயந்திரம்) கொட்டகை மேற்பார்வை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தபோது காப்பியைக் குடிக்கத் தெரியும், அவ்வளவுதான். மறந்துவிடுவோமே என்ற பயத்தில் அன்றாடம் நடந்ததை ஒரு நோட்டில் எழுதி வந்தேன்.

பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் விட்டுத் தோல் நீக்க வேண்டும். கொட்டை மேலிருக்கும் கொழகொழப்பு போக, தொட்டியில் போட்டு வைக்க வேண்டும். அராபிகா என்ற காப்பி வகைக்குச் சுமார் 24 முதல் 36 மணி நேரம். மார்கழிக் குளிரில் இன்னும் இழுக்கும். ஒரு பிடி அள்ளிக் கழுவித் தேய்த்தால் வழுக்காமல் நறநறக்க வேண்டும், அதுதான் கழுவி எடுக்கும் பதம். தாண்டினால் புளிப்பு வாடை ஏறிவிடும். எத்தனை வெயிலில் காயவைத்தாலும் போகாது.

இரண்டாம் வருடம் ஒரு தொட்டி அப்படிக் கெட்டது. தொட்டி பார்க்கும் பெரியவரிடம் நாலு பேர் முன்னால் கத்தினேன். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றார்.

ஆடிச் சாரலில் வேலை குறைந்தபோது பழைய நோட்டைப் புரட்டினேன். "மூன்றாம் தொட்டி புளித்துவிட்டது." "கழுவுவது தாமதமாகிவிட்டது." "தண்ணீர் தீர்ந்துபோயிற்று." இரண்டு வருட எழுத்தில் 'நான்' ஓரிடத்திலும் இல்லை. எல்லாம் தானாகவே நடந்திருக்கிறது! பள்ளியில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தது இப்போதுதான் உறைத்தது. பென்சிலை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். 'புளிக்கவிட்டேன்' என்று எழுதியதும் கை நின்றது. எப்படிப் புளிக்கவிட்டேன்? முந்தைய பக்கத்திலேயே இருந்தது. பழம் அதிகம் வந்த நாள். தொட்டி போதாமல், பாதி பதமான கொட்டையின் மேலேயே புதியதையும் விடச் சொல்லியிருக்கிறேன். புதியது பதத்துக்கு வருவதற்குள் பழையது கெட்டிருக்கிறது. பெரியவர் செய்ததெல்லாம் என் சொல்லைக் கேட்டது மட்டும்தான்.

எல்லா வாக்கியத்துக்கும் 'நான்' பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மின்சாரம் போனதற்கு நான் என்ன செய்வேன்? ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைக்காதது வேண்டுமானால் நான்.

கார்த்திகையில் பறிப்பு தொடங்கியதும் பெரியவரிடம் போனேன். "போன தடவை தொட்டி கெட்டது என்னால்தான், ஐயா."

"தெரியும் சார்."

வேறு பேச்சு வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கழுவிவிடலாமா?" என்று கேட்டேன். அவர் ஒரு பிடி அள்ளி அலசித் தேய்த்தார். என் உள்ளங்கையிலும் கொஞ்சம் வைத்தார்.

"வழுக்குகிறது பாருங்கள். விடியட்டும்."