ஜோங்காவைக் கடலூர் நம்பருக்குக் கொண்டுவந்த கதை

சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கத்தைப் படிக்க மட்டும் எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கர்நாடகத்தில் ஒரு காபித் தோட்டத்தின் கொட்டகை. உள்ளே ஒரு ஜோங்கா, ராணுவம் கழித்துவிட்ட, ஜீப் மாதிரியான வண்டி. வலது முன்சக்கரத்துக்கு மேலே, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பொறித்திருந்த எண்ணைச் சேறும் துருவும் மூன்று நான்கு பூச்சுப் பெயின்ட்டும் மூடிக் கிடந்தன. மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தேன், கம்பி பிரஷ் போட்டேன், கடைசியில் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தேன். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து உரசினால் எண் தாளில் ஏறும். ஏறியது. ஆர்.சி. புத்தகத்தில் 3 என்று முடிந்த எண், இரும்பில் 8 என்று முடிந்தது.

அந்த ஒரு இலக்கத்துக்காக ஐந்து மாதம் காத்திருந்தேன். ராணுவத்திலிருந்து கழித்துவிட்ட வண்டி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மைலேஜ். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் காகிதம்.

ஜோங்கா என்பது ஒரு தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம். ஜபல்பூரில் படைக்கலன்களும் பீரங்கி வண்டிகளும் செய்த இடத்தின் பெயரில் முதலெழுத்துகளைக் கோத்து வைத்தார்கள். நிசான் நிறுவனத்தின் பேட்ரோல் வண்டியை உரிமம் பெற்று 1969 முதல் 1999 வரை ராணுவத்துக்காக அங்கே கட்டினார்கள். 3,956 சி.சி., ஆறு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். பவர் ஸ்டீயரிங் கிடையாது.

என் மாமா ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். பதான்கோட்டில் இருந்தபோது ஜோங்கா ஓட்டியிருக்கிறார். விடுமுறைக்கு நெல்லிக்குப்பம் வரும்போதெல்லாம் அந்த வண்டியைப் பற்றித்தான் பேசுவார். சின்ன வயதில் கேட்டது மனசில் தங்கிவிட்டது. ஆனால் ஆசைக்காக மட்டும் வாங்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை ஏறியபோது தோப்பில் பாதி மரம் வேரோடு சாய்ந்தது. விழுந்த மரங்களுக்கு நடுவே உள்ளே போக எந்த வண்டியாலும் முடியவில்லை. 2015 மழையிலும் அதே நிலைமை, செம்மண் பாதை முழங்கால் சேறாகிவிட்டது. அப்போதே முடிவு செய்தேன், நான்கு சக்கரமும் இழுக்கிற, கனமான வண்டி ஒன்று வேண்டும் என்று. பணம் சேர 2022 ஆகிவிட்டது.

தேட ஆரம்பித்ததும் மாமா ஒன்று சொன்னார். "பேப்பர் இல்லாத ஜோங்கா கோழி அடைக்கத்தான் ஆவும். வண்டியப் பாக்காத, மொதல்ல ஆர்.சி.யப் பாரு."

முதல் வண்டியை ஒரு புரோக்கர் காட்டினார். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். பார்க்க ராஜா மாதிரி நின்றது. புதுப் பெயின்ட், புது டயர், பக்கவாட்டில் மண்வெட்டி, பெட்ரோல் கேன். ராணுவ ஏலத்தில் எடுத்ததற்கான விற்பனைச் சான்றைக் கேட்டேன். ஜெராக்ஸ் நீட்டினார். அசல் வேண்டும் என்றேன், "அது ஆபீஸ்ல இருக்கு சார், வந்துரும்" என்றார். குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு தீப்பெட்டி நீளத்துக்கு வெல்டிங் தழும்பு. வேறொரு வண்டியின் துண்டை வெட்டி ஒட்டியிருந்தார்கள். முன்பணமாகக் கொடுத்திருந்த பத்தாயிரம் இன்றுவரை திரும்பவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏலத்தில் போகிற ராணுவ வண்டிகள் எல்லாமே சாலையில் ஓட்டுவதற்காக விற்கப்படுவதில்லை. பழைய இரும்பாக மட்டுமே போகிறவை நிறைய. சாலைக்கு வர வேண்டும் என்றால், சம்பந்தப்பட்ட ராணுவ அதிகாரி படிவம் 21-ல் கொடுத்த அசல் விற்பனைச் சான்று வேண்டும், பதிவு விண்ணப்பத்தோடு அது போக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 47 சொல்கிறது. ஜெராக்ஸை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது. அதனால் எனக்குத் தெரிந்த பத்திரமான வழி, எப்போதோ ஏலத்தில் எடுக்கப்பட்டு, முறையாகச் சிவில் பதிவு ஆகி, பல வருடம் ஓடின வண்டியை அதன் உரிமையாளரிடமிருந்தே வாங்குவதுதான்.

இரண்டாவது வண்டி அப்படிப்பட்டது. ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டைத் திறந்தால் டீசல் எஞ்சின். எரிபொருள் செலவைக் குறைக்க எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் அது தவறு. மனம் கசந்துதான் திரும்பினேன், ஏனென்றால் அந்த வண்டி அருமையாக ஓடியது.

மூன்றாவது, காபித் தோட்டத்து வண்டி. உரிமையாளர் எழுபதைத் தாண்டிய பெரியவர். அவருடைய அப்பா ஏலத்தில் எடுத்து 1995-ல் பதிவு செய்தது. அசல் எஞ்சின். ஆர்.சி. 2025 மார்ச் வரை செல்லும். விலை பேசி முடித்து, பென்சில் பிரிண்ட் எடுக்கும்போதுதான் அந்த 3-ம் 8-ம் வந்து நின்றன.

திருட்டு வண்டியோ என்று ஒரு நொடி உடம்பு சில்லிட்டது. பெரியவர் பதறவில்லை. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். தோட்டத்துக் கணக்குகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் மடித்த ராணுவ விற்பனைச் சான்று. மங்கிய தட்டச்சில், 8. கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றியபோது யாரோ 3 என்று தட்டிவிட்டார்கள். அதன்பிறகு புதுப்பித்தபோதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. நான் அப்படியே வாங்கிவந்திருந்தால் கடலூரில் ஆய்வுக்கு நிறுத்தின அன்றே எல்லாம் நின்றிருக்கும்.

திருத்தம் அங்கேதான், பதிவு செய்த அலுவலகத்திலேயே ஆக வேண்டும். வண்டியை மறுபடி ஆய்வுக்குக் காட்டி, பழைய கோப்பைத் தேடியெடுத்து, ஆர்.சி. திருத்தி வர நான்கு மாதம். பிறகு படிவம் 28, அதாவது வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடையில்லை என்ற சான்று, என்.ஓ.சி. அதிலும் சேசிஸ் பென்சில் பிரிண்ட் ஒட்ட வேண்டும். வண்டி எந்த வழக்கிலும் இல்லை என்று காவல்துறைப் பதிவிலும் சரிபார்த்தார்கள். பெயர் மாற்றத்துக்காக, விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29-ஐயும், இருவரும் கையெழுத்திடும் படிவம் 30-ஐயும் அன்றே வாங்கிவைத்தேன். இதற்கு ஒரு மாதம். பெரியவர் இரண்டு தடவை பஸ் ஏறி ஆபீசுக்கு வந்தார். அவர் மட்டும் சலித்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

காத்திருந்த மாதங்களில் நண்பர்கள் சொன்ன யோசனை இது: "பாண்டில ஒரு வீட்டு அட்ரஸ் புடி, பி.ஒய். நம்பர் போட்டுடு, வரி மிச்சம்." கடலூரிலிருந்து பாண்டி இருபத்து சொச்சம் கிலோமீட்டர், இந்த யோசனை இங்கே எல்லோருக்கும் வரும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இல்லாத முகவரியைக் காட்டுவது மோசடி. அப்படிப் பாண்டிப் பதிவு போட்ட சொகுசு கார்கள் 2017-ல் கேரளாவில் வழக்கு வரை போயின. உண்மையிலேயே பாண்டியில் குடியிருந்தாலும், வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்.

வண்டியை நானும் மாமாவும் ஓட்டியே வந்தோம். மைசூர், சாமராஜநகர், திம்பம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் மாமா பிரேக்கை நம்பாமல் முதல் கியரிலேயே இறக்கினார். "டிரம் சூடானா மிதிச்சாலும் கேக்காது" என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னார். சத்தி, ஈரோடு, சேலம், உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி என்று 600 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு நான்கைத் தாண்டவில்லை. 150 லிட்டருக்கு மேல் பெட்ரோல் ஊற்றினோம். மைலேஜ் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

பெரியவர் வண்டிக்கு ராணுவப் பச்சை அடித்து வைத்திருந்தார். ஆர்.சி.யில் நிறம் வெள்ளை. ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான் என்று விதி 121 தெளிவாகச் சொல்கிறது. கழித்த வண்டிக்கும் அது பொருந்தும். பச்சையில் ஓட்டும் பலரை எனக்குத் தெரியும், ஆனால் ஆய்வுக்கு நிறுத்தும்போது அதோடு போக முடியாது. முதுநகரில் ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டேன்.

மூன்றாம் நாள் பட்டறைத் தம்பி போன் செய்தார். "அண்ணா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." முன் பம்பரில் தண்ணி ஊற்றி உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். மேல் பச்சை கரைந்து, அதன் கீழே வெள்ளை, அதற்கும் கீழே இன்னொரு பச்சை. கெட்டியான, வெளிச்சமே இல்லாத பச்சை. அதன்மேல் வெள்ளையில், மேல்நோக்கிய ஒரு அம்புக்குறி, பக்கத்தில் 86. ராணுவ எண் அப்படித்தான் தொடங்கும், அம்புக்குறியும் வாங்கிய வருடமும். மீதி எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. "இத எடுத்துரட்டுமாண்ணா?" என்றார். மாமாவுக்குப் போன் போட்டேன். நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஈரம் காயாத அந்த எண்ணை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "எடுத்துருப்பா. அது அவங்க நம்பர்" என்றார். போட்டோ எடுத்துக்கொண்டு, தேய்க்கச் சொன்னேன்.

கடலூரில் வேலை வேகமாக நடந்தது, காகிதம் சரியாக இருந்ததால். புது எண்ணுக்குப் படிவம் 27, பெயர் மாற்றத்துக்கு 29, 30, என்.ஓ.சி., புகைச் சான்று, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று. வண்டியின் வயதைப் பார்த்து ஆயுள் வரி போட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் தானே குனிந்து சேசிஸ் எண்ணைப் படித்தார், என்னுடைய பென்சில் பிரிண்ட்டோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டார். எட்டில் அவர் விரல் நின்றபோது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓட்டிக் காட்டச் சொன்னார், பிரேக் இடப்பக்கம் லேசாக இழுத்தது, சரிசெய்துகொண்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். நியாயம்தான். மறுமுறை தேறியது. முன்னால் தொங்கிய இரும்புக் கம்பிக் காவலை அதற்கு முன்பே கழற்றிவிட்டேன், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுத்துவிட்டது. டி.என். 31 பலகையை மாட்டின அன்று வீட்டில் பொங்கல் வைத்தோம்.

இன்சூரன்ஸில் யாரும் முழுக் காப்பீடு தரத் தயாராக இல்லை, தேர்டு பார்ட்டி மட்டும் கிடைத்தது. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு எல்லாம் ஒரே கட்டணம், அப்போது 7,897 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 2025 மார்ச்சில் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டினேன், பசுமை வரி தனி. அந்த ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆகிவிட்டது, கணக்குப் போடும்போது அதையும் சேருங்கள். இதன் உதிரிச் சாமான்கள் கடையில் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையில் தேடி எடுப்பது பாதி, லேத்தில் கடைந்து செய்வது பாதி. கடலூர் லாரன்ஸ் ரோட்டில் இதைத் திருப்பி நிறுத்தத் தோளில் பலம் வேண்டும், ஊருக்குள் எடுப்பதை நான் விட்டுவிட்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்களுக்கு உண்மையான வெள்ளம் அதன் பிறகுதான். டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை கடலூருக்குள் ஏறியது. குண்டு உப்பலவாடியில் என் அக்கா வீடு.

பெட்ரோல் எஞ்சின் தண்ணீரில் அணைந்துபோவது பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம், நனைவதால்தான். ஃபேன் சுற்றும்போது தண்ணீரை வாரி எஞ்சின் மேலேயே அடிக்கும். மாமா சொல்லிக் கொடுத்தபடி ஃபேன் பெல்ட்டைக் கழற்றினேன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின்மேல் சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினேன். லோ கியரில், நடக்கிற வேகத்தில். தண்ணீர் ஓடுகிற இடத்தில் இறக்கவே இல்லை, எவ்வளவு கனமான வண்டியாக இருந்தாலும் ஓடும் தண்ணீர் புரட்டிவிடும். தேங்கி நின்ற தெருக்களில் மட்டும் போனேன். ஃபேன் இல்லாததால் ஒவ்வொரு நடைக்கும் நடுவே நிறுத்தி ஆறவிட வேண்டியிருந்தது. அக்கா, அவர் மாமியார், பக்கத்துத் தெருவில் ஒரு கைப்பிள்ளைக்காரி, இரண்டு ஆடு. மதியத்துக்குள் ஏழு நடை, மேட்டில் இருந்த கல்யாண மண்டபம் வரைக்கும்.

மறுநாள் காலை மாமா வந்து வண்டிக்கு அடியில் படுத்தார். முன், பின் இரண்டு ஆக்சிலின் நட்டையும் கழற்றினார். கறுப்பாக வர வேண்டிய கியர் ஆயில், பால் அதிகம் விட்ட டீ போலக் கொழகொழவென்று கொட்டியது, உள்ளே தண்ணீர் போயிருந்தது. "ஊத்தி அலசு, ரெண்டு தடவ மாத்து" என்றார். அந்த மதியம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.