வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து சிங்கப்பூர்: அம்மாவோடு போன 13½ மணி நேரம்

தம்பிக்குக் குழந்தை பிறந்து 2 மாதம் ஆகியிருந்தது. அம்மாவை நான்தான் சிங்கப்பூர் கூட்டிப் போக வேண்டும். டிக்கெட்டில் சென்னையில் புறப்பாடு இரவு 11.15, அங்கே இறங்குவது காலை 5.55 என்று இருந்தது. கணக்குப் போட்டு, "ஏழு மணி நேரம் கிட்ட ஆகும்மா" என்றேன். அம்மா முகம் வாடிவிட்டது. முழங்கால் வலி, சர்க்கரை வேறு. "அவ்ளோ நேரம் காலைத் தொங்கப் போட்டு உக்கார முடியுமாடா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தம்பியிடம் பேசியபோதுதான் தெளிவானது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுகிறார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் பயணம் 4 மணி 10 நிமிடம். தூரம் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். திரும்பி வரும் டிக்கெட்டில் இது தலைகீழ்: இரவு 8 மணிக்குக் கிளம்பி 9.40க்கே சென்னை என்று இருக்கும். அதுவும் அதே 4 மணி 10 நிமிடம்தான். வயதானவர்களிடம் நேரம் சொல்லும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள், வீணாகப் பயப்படுவார்கள்.

சர்க்கரை மாத்திரைக்கு டாக்டரைக் கேட்டோம். கிளம்புகிற அன்று நம்ம ஊர் நேரத்துக்கே போடுங்கள், மறுநாளிலிருந்து அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதனால் அம்மாவின் கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை.

காட்பாடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் நேராக விமான நிலையம் போயிருக்கலாம். நான் தனியாகப் போனால் அப்படித்தான் போவேன். அம்மாவுக்குப் படிக்கட்டு ஆகாது என்பதால் கார். சாயங்காலம் 4 மணிக்குக் கிளம்பினோம். வாலாஜா, காஞ்சிபுரம் பக்கமெல்லாம் சீக்கிரம் கடந்துவிட்டோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வண்டி ஊர்ந்தது. 130 கிலோமீட்டர் சொச்சம் போக மூன்றேகால் மணி நேரம். வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னாலேயே இருக்கச் சொல்கிறார்கள். நெரிசலுக்கு என்று இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக் கிளம்பியதால் பதறவில்லை.

சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே பதிவு செய்திருந்தேன். அம்மாவுக்கு அதில் உட்கார மனமே இல்லை. "நடக்க முடியாதவங்களுக்குத்தானே அது?" என்றார். தள்ள வந்த பையன், "பாட்டி, உள்ள ரொம்ப தூரம் நடக்கணும், உக்காருங்க" என்று சொன்னதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். குடியேற்றச் சோதனை வரிசையில் நின்றவர்களைப் பார்த்தபோது, அதை மறக்காமல் கேட்டு வைத்தது எவ்வளவு நல்லதென்று நினைத்தேன். மாங்காய் ஊறுகாயைப் பெரிய பெட்டியில்தான் வைத்தோம், கைப்பையில் விட மாட்டார்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. விசா தனி, அதை முன்பே எடுத்திருந்தோம்.

விமானத்தில் அம்மா பாதி நேரம் தூங்கினார். நடுவில் இரண்டு முறை எழுப்பி நடக்க வைத்தேன்.

தம்பி வீட்டு வாசலில் நின்றபோது என் போனில் மணி 8. வீட்டிலிருந்து கிளம்பிப் பதிமூன்றரை மணி நேரம். அம்மா தன் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சரைடா, பால்காரர் வர்ற நேரம்" என்று சொல்லிக்கொண்டே, கை கழுவ எங்கே போக வேண்டும் என்று கேட்டார். குழந்தையைத் தூக்க வேண்டுமே.