பவழ மோதிரத்துக்கு மெருகு போட்டுப் பார்த்தேன்

அத்தையின் பவழ மோதிரம் என்னிடம் வந்தபோது கல் மங்கிப்போய், முகட்டில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள், ஓரத்தில் எள்ளளவு சில்லும் பெயர்ந்திருந்தது. செவ்வாய்க்காகப் போட்டது, கழற்றவே மாட்டார், சமையல், பாத்திரம், துணி எல்லாமே அதோடுதான். பவழம் என்பது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு வகை. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 3 முதல் 4 வரைதான், வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகளுக்கோ 7. அப்படியானால் தூசியோடு அழுத்தித் துடைத்தாலே கீறும். எலுமிச்சையும் புளியும் வினிகரும் மேல்பரப்பையே அரித்துவிடும், அந்த மங்கலுக்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

வேலையைத் தொடங்கும் முன் சாயம் ஏற்றிய கல்லா என்று பார்க்க வேண்டும். அசிட்டோன் தொட்ட பஞ்சால் கல்லின் அடிப்பக்கம் தேய்த்தேன், பஞ்சு சிவக்கவில்லை. சிவந்திருந்தால் அப்படியே மூடி வைத்திருப்பேன், ஏனென்றால் சாயம் மேலோட்டமாக ஏறியிருந்தால் தேய்க்கத் தேய்க்க உள்ளே வெளுப்பு தெரிந்துவிடும்.

அப்புறம் தங்கம். 22 காரட் தங்கம் இந்தக் கல்லைவிடவும் மெத்து, உப்புத்தாள் பட்டால் முதலில் கீறுவது அதுதான். மாஸ்கிங் டேப்பை மெல்லிய கீற்றுகளாக வெட்டி விளிம்பைச் சுற்றி இரண்டு அடுக்கு ஒட்டினேன். பொறுமையைச் சோதித்த வேலை இது ஒன்றுதான்.

தேய்ப்பதற்குத் தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாள், 1200-இல் தொடங்கி 2000, 3000, எண் ஏற ஏற தாள் நைசாகும். மெஷின் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு, சூடு ஏறினால் பவழம் நிறம் மாறும், வெடிக்கவும் செய்யும். தாளைக் கட்டையில் சுற்றாமல் விரல் நுனியில் வைத்துத் தேய்த்தால்தான் கல்லின் உருட்சி தட்டையாகாமல் இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றிக் குறுக்காகத் தேய்த்தேன், முந்தைய தாளின் கோடுகள் போய்விட்டனவா என்பது அப்போதுதான் தெரியும். உலர்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, ஆகவே எப்போதும் ஈரம்.

இதில் கண்ணை ஏமாற்றுவதும் அந்த ஈரம்தான். நனைந்திருக்கும்போது கல் பளபளவென்று, வேலை முடிந்தது போலவே நிற்கும். துடைத்து உலரவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முகட்டில் மறுபடி அதே சாம்பல் பூச்சு. 1200-இலேயே நான் நினைத்ததைவிட அதிக நேரம் போனது அதனால்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஒரே சீராக, இணை இணையாக ஓடும் மெல்லிய கோடுகளும் தெரிந்தன. அவை கீறல் இல்லை, பவழம் வளர்ந்த கோடுகள், அசலுக்கு அடையாளமே அவைதான். அவற்றை அழிக்கிறேன் என்று இறங்கினால் கல்தான் கரையும்.

கடைசியில் ஒரு தோல் துண்டில் டின் ஆக்சைடு என்ற மெருகுத் தூளைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தேய்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது, பிறகு தோல் லேசாக உலர்ந்து கல்லைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தபோது மெருகு சட்டென்று வந்தது, டியூப்லைட்டின் கோடு கல் மேல் உடையாமல் தெரிகிற அளவுக்கு.

ஆழமான கீறல் ஒன்று இன்னும் இருக்கிறது. அதை எடுக்க முகடு முழுவதையும் இறக்க வேண்டும், அது எனக்குச் சரியாகப் படவில்லை, விட்டுவிட்டேன். சில்லு பெயர்ந்த இடத்தையும் ரெசின் வைத்து நிரப்பவில்லை, நாளாக ஆக அது மஞ்சளித்துத் தனியாகத் தெரியும். கூர்முனையை மட்டும் 2000 தாளில் மழுக்கினேன், இனி துணியில் மாட்டாது.

அடுத்து ஒரு முத்துத் தோடு வந்திருக்கிறது, அதுவும் மங்கல்தான். ஆனால் முத்தில் பளபளப்பே மெல்லிய படலங்களில்தான் இருக்கிறது, உப்புத்தாளை அதன் பக்கமே கொண்டுபோகப் போவதில்லை. மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, எவ்வளவு தெளிகிறது என்று பார்க்க வேண்டும்.